அட்டைச் சாவி

நூற்று அறுபத்து நாலு படிகள். எண்ணியிருக்கவே கூடாது. எண்ணாத வரைக்கும் அது வெறும் எட்டாவது மாடி; எண்ணிய பிறகு ஒவ்வொரு படியும் தன் நம்பரைச் சொல்லிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறது. இது ஒன்பது. இது பத்து. பழக்கதோஷம், வேறென்ன. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்தவனுக்கு எதையும் எண்ணாமல் விடத் தெரியாது. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எந்த டிரைவர் டீக்கடையில் நிற்கிறான், எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதி, வீட்டில் வேதா குளிக்கப் போனால்கூட மணி பார்த்திருக்கிறேன். இப்போது மூன்று இருபது. கட்டடக் கம்பெனியின் சுதர்சன் ஐந்து மணி வரைக்கும் கீழே சைட் ஆபீஸில் இருப்பான். ஐந்துக்கு ஃபைலை எடுத்துக்கொண்டு தலைமை ஆபீஸுக்குப் போய்விடுவான். "அதுக்குள்ள ஆன்ட்டி கையெழுத்த மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க அங்கிள். அடுத்த வாரம் உங்களுக்கு லிஃப்ட் ஓடும்" என்றான். இப்போது அங்கிள். நாங்கள் குடிவரும் வரைக்கும் சார் என்றுதான் கூப்பிட்டான். சட்டைப் பையில் அந்தக் காகிதம் இருக்கிறது. நாலே வரி. இன்ன தேதியில் கிரகப்பிரவேசம் செய்து, எல்லா வேலையும் முடிந்த வீட்டை முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டோம், இனி கம்பெனி மேல் எங்களுக்கு எந்தப் புகாரும் கிடையாது. கீழே இரண்டு பெயர். அருணகிரி என்ற பெயருக்கு மேலே கையெழுத்து விழுந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்திருக்கலாம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, சில்லென்று தண்ணீர் கொடுத்தார்கள், காலை நீட்டி உட்கார நாற்காலி இருந்தது, போட்டுவிட்டேன். பத்திரம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் வேதவல்லியும் போட்டால்தான் செல்லும். போடுவாள். முப்பது வருஷத்தில் நான் நீட்டிய எந்தக் காகிதத்திலும் அவள் போடாமல் இருந்ததில்லை. "எங்க போடணும்?" என்று மட்டும் கேட்பாள். நான் விரலை வைத்துக் காட்டுவேன்.

முதல் மாடி. லிஃப்ட் கதவு இருக்க வேண்டிய இடத்தில் பிளைவுட் பலகையை அடித்து அபாயம் என்று சிவப்பில் எழுதியிருக்கிறார்கள். லிஃப்ட் வராமல் இல்லை, வந்துவிட்டது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் தரைத்தளத்தில் நிற்கிறது. அதை ஓட்டக் கரண்ட் இல்லை. வேலை முடிந்ததற்கான சான்றிதழ் கிடைத்தால்தான் வீட்டுக்கான மெயின் கரண்ட் கொடுப்பார்கள். கழிவுநீர் சுத்தம் செய்யும் தொட்டி கட்டினால்தான் சான்றிதழ் கிடைக்கும். பி பிளாக்கும் சி பிளாக்கும் விற்றால்தான் தொட்டி கட்டக் காசு வரும். இங்கே பதினாலு குடும்பம் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு பி பிளாக்கையும் சி பிளாக்கையும் யார் வாங்குவான். இதை ஆயிரம் தடவை யோசித்தாயிற்று, ஒவ்வொரு தடவையும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. அதுவரைக்கும் கொத்தனார் வேலைக்கென்று வாங்கிய தற்காலிகக் கரண்ட்டில் குடித்தனம். யாராவது மிக்ஸி போட்டால் அடுத்த மாடியில் லைட் மங்குகிறது. படி வளைவில் கண்ணாடி போடாத ஜன்னல் வழியாக வெளியே பார்த்தால் பி பிளாக் எலும்பும் கம்பியுமாக நிற்கிறது, கம்பியெல்லாம் துருப்பிடித்து, தூண்களில் மழைத் தண்ணீர் செம்பழுப்பாக வழிந்த கறை. அதற்கு முன்னால் பள்ளம். விளம்பரப் புத்தகத்தில் அந்தப் பள்ளம் நீலமாக இருந்தது, ஓரத்தில் குடை, குடைக்கடியில் ஒரு பெண் பழரசம் குடித்துக்கொண்டிருந்தாள். இப்போது தவளைகள் இருக்கின்றன. வேதா அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, "நாம எங்க குளிக்கப் போறோம், நம்ம பேரப்பிள்ளைங்க வந்தா குளிக்கும்" என்றாள். ஓசூரிலிருந்து மகள் குழந்தைகளோடு ஒரே ஒரு தடவை வந்தாள். எட்டு மாடி ஏறி, எட்டு மாடி இறங்கி, லிஃப்ட் வந்ததும் சொல்லுங்கப்பா என்று போனவள்தான். இருபத்தொன்பது. முப்பது. வலது முழங்காலில் ஏதோ சொடக்குகிறது. இந்தச் சொடக்கு முன்பு இல்லை. சுதர்சன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, மெயின் கரண்ட் வராவிட்டாலும் ஒரு பெரிய ஜெனரேட்டர் வைத்து லிஃப்டை ஓட்டிவிடலாம், ஜெனரேட்டர் லாரியில் வந்து கேட்டில் நிற்கிறது, நானே பார்த்தேன், தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. இத்தனை நாள் வராத ஜெனரேட்டர். என் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது.

நாள் பார்த்தது நான்தான். வேறு யாரையும் சொல்ல முடியாது. தை இருபத்தாறை விட்டால் எங்கள் இரண்டு பேர் நட்சத்திரத்துக்கும் அடுத்த நல்ல நாள் ஆவணியில்தான் என்று ஜோசியர் சொன்னார். ஆவணி என்றால் ஏழு மாசம். வீட்டில் அப்போது குளியலறைக்குக் கதவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை, சமையலறைச் சுவரில் புகை போவதற்கு ஃபேன் வைக்க விட்ட ஓட்டை அப்படியே வட்டமாக வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. வேதா, "ஆவணிக்கே வெச்சுக்கலாமே, தண்ணிகூட வரலியே" என்று ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவை. நான் நேரத்தை விடுகிற ஆள் இல்லை. சுதர்சனிடம் போய்க் கேட்டேன். வேலை முடியவில்லையே என்று அவன் தயங்குவான் என்று நினைத்தால், தாராளமா செஞ்சுக்கோங்க சார், ஒரு நாளைக்கு சாவி தரோம், போட்டோகிராபர்கூட எங்க செலவு என்றான். எவ்வளவு நல்ல பையன் என்று வேதாவிடம் சொன்னேன். ஆறிலிருந்து ஏழரை முகூர்த்தம். பசுவும் கன்றும் தரைத்தளத்தோடு நின்றுகொண்டன, டைல்ஸ் ஒட்டாத தரையில் சாணம் போட்டன, எல்லாரும் நல்ல சகுனம் என்றார்கள். சொந்தக்காரர்கள் அடுப்பையும் சிலிண்டரையும் பித்தளைப் பானையையும் தூக்கிக்கொண்டு எட்டு மாடி ஏறி வந்தார்கள். வாசற்படியில் வைத்து சுதர்சன் எங்களுக்கு ஒரு சாவி கொடுத்தான், நிஜச் சாவி இல்லை, மூன்றடி நீளத்துக்குத் தங்கக் காகிதம் ஒட்டிய அட்டைச் சாவி, சிவப்பு ரிப்பன் கட்டி. நான் ஒரு முனை, வேதா ஒரு முனை. சிரிங்க சார் என்றார் போட்டோகிராபர். சிரித்தோம். பிறகு அடுப்பு. பால் பொங்க மாட்டேன் என்றது. ஓட்டை வழியாகக் காற்று அடித்து நெருப்பு சாய்ந்து சாய்ந்து எரிந்தது. ஏழு இருபது. ஏழு இருபத்தைந்து. நான் வாட்சைப் பிடித்துக்கொண்டு அடுப்புப் பக்கத்திலேயே நின்றேன். இன்னும் அஞ்சு நிமிஷம் வேதா, அஞ்சு நிமிஷம்தான் என்றேன், என்னவோ அவள்தான் வண்டியை எடுக்காமல் டீ குடித்துக்கொண்டிருப்பதுபோல. அப்புறம் யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள், திரும்பினேன், திரும்பிப் பார்ப்பதற்குள் பொங்கி விளிம்பில் வழிந்துவிட்டது. ஏழு இருபத்தெட்டு. இரண்டு நிமிஷம் மீதி. அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றி அன்றைக்குச் சாப்பிட வந்த எல்லாரிடமும் சொன்னேன். ஒரு நாள் சாவி என்று கொடுத்ததைச் சுதர்சன் திருப்பிக் கேட்கவே இல்லை, அதையும் நல்ல மனசு என்றுதான் எடுத்துக்கொண்டேன். பால் காய்ச்சிய வீட்டை இருட்டாக விடக் கூடாது என்று வேதாவின் அக்கா சொல்லிவிட்டுப் போனாள். பழவந்தாங்கல் வாடகை வீட்டிலிருந்து ஒன்பது நாள் தினமும் ரயில் ஏறி, ஷேர் ஆட்டோ பிடித்து, எட்டு மாடி ஏறி விளக்கேற்றிவிட்டு இறங்கிப் போனேன். பத்தாம் நாள் இதற்கு இங்கேயே வந்து இருந்துவிடலாம் என்று தோன்றியது. புத்தியுள்ளவன் செய்கிற காரியமா. விளக்கேற்றுவதற்காகக் குடிவந்தோம்.

நாங்கள் வந்ததைப் பார்த்துத்தான் மற்ற பதிமூன்று குடும்பமும் வந்தது. எட்டாவது மாடியிலேயே வந்துவிட்டார்கள், நமக்கென்ன என்று. மூன்றாவது மாடி பாய் வீட்டில் ஓதி பிரியாணி போட்டார்கள், நாலாவது மாடி பிரிசில்லா டீச்சர் பாதிரியாரைக் கூட்டிவந்து மந்திரித்தார், எல்லா வீட்டு வாசலிலும் அதே அட்டைச் சாவி, அதே போட்டோகிராபர். நாலாவது மாடியில் இன்றைக்கும் டீச்சர் வீட்டுக் கதவு திறந்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஏறுகிறேன், கதவு திறந்துதான் இருக்கிறது. காற்றுக்காக நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிள்ளைகளின் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "ஒரு நிமிஷம் உக்காருங்க சார், முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு" என்று தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன். இன்றைக்கு யாரிடம் போனாலும் தண்ணீர் கொடுத்துத்தான் கையெழுத்துக் கேட்பார்கள் போலிருக்கிறது, இல்லை, இவர் கையெழுத்துக் கேட்கவில்லை. வீட்டை முடித்துத் தரவில்லை என்று பதினாலு குடும்பமும் ரியல் எஸ்டேட் ஆணையத்தில் கொடுத்த புகார் புதன்கிழமை பதினோரு மணிக்கு விசாரணைக்கு வருகிறது, வக்கீலம்மா போன் பண்ணினார்கள் என்றார். கம்பெனிக்காரன் பதினாலு போட்டோவையும் சாட்சியாகக் கொடுத்திருக்கிறான், வீட்டை ஒப்படைத்துவிட்டோம், சந்தோஷமாகச் சாவி வாங்கிக்கொண்டு சிரிக்கிறார்கள் பாருங்கள் என்று. முதல் போட்டோ உங்களோடதுதான் சார் என்றார். எனக்குத் தெரியும், போன மாசமே அதன் நகலைப் பார்த்தேன், வேதா கண்ணை மூடியிருக்கிறாள், நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். "நாள் போயிடும்னுதான் பால் காச்சினோம், வீட்ட வாங்கிக்கல, அப்படின்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுமாம் சார். நீங்கதான் மொதல்ல வந்தவர். உங்க பேச்சுதான் நிக்கும்." பாக்கலாம் டீச்சர் என்றேன். கீழே சுதர்சன் கூப்பிட்டாராமே என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். தண்ணி லாரி விஷயமா என்றேன். சட்டைப் பைக்குக் கை போகப் பார்த்தது, டம்ளரைக் கொடுக்கிற சாக்கில் கீழே இறக்கினேன். பொய் சொல்ல வராது எனக்கு, டிப்போவில் எத்தனை டிரைவர் கெஞ்சியும் ஒரு நிமிஷம் குறைத்து எழுதினதில்லை. இப்போது எவ்வளவு சுலபமாக வந்தது. தண்ணி லாரி விஷயமா. தண்ணி லாரி விஷயமா. அடுத்த பத்துப் படிக்கு இதே ஓடுகிறது.

கொத்தனார்கள் கரியால் சுவரில் மாடி நம்பர் எழுதிவைத்திருக்கிறார்கள், பெயின்ட் அடித்தவர்கள் படிக்கட்டுப் பக்கம் வராததால் அது அப்படியே இருக்கிறது. எவனோ கணக்குத் தெரியாதவன் ஐந்தை இரண்டு தடவை எழுதிவிட்டான், ஒன்று பாதி வழித் திருப்பத்தில், இன்னொன்று நிஜ ஐந்தாவது மாடியில். தினமும் முதல் ஐந்தைப் பார்த்ததும் மனசு ஒரு மாடியைக் கழித்துக்கொள்கிறது, அப்புறம் இரண்டாவது ஐந்து வந்து அதைப் பிடுங்கிக்கொள்கிறது. தெரிந்தும் ஏமாறுகிறேன். ஒரு வருஷமாகத் தினமும் ஏமாறுகிறேன். ஆறாவது மாடிக்கு மேல் கைப்பிடி இல்லை. அங்கே சுவர்ப் பக்கமாகத் தோளை உரசிக்கொண்டுதான் ஏறுவேன். ஐப்பசி மழையில் கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடித்துப் படியெல்லாம் ஈரம், வேதா கீழே காய்கறி வண்டிக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தாள், இதோ இந்தத் திருப்பத்தில்தான். தக்காளி ஐந்தாவது மாடி வரைக்கும் உருண்டு போயிருந்தது. நான் இறங்கி வந்தபோது வலது பாதம் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது, அவள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள், புடவையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சர் இந்தத் திருப்பத்தில் திரும்பாது என்றார்கள். பி பிளாக்கில் வேலையில்லாமல் இருந்த நாலு பேர் வந்து, எங்கள் வீட்டு நீல பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, துண்டால் இடுப்பைக் கட்டி, தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பிளேட் வைத்துத் தைத்து, பதினோரு நாள் கழித்து, அதே நாற்காலி, அதே நாலு பேர், மேலே. மேலே வரும்போதுதான் கைப்பிடி இல்லாத பக்கம் நாற்காலி சாய்ந்தது. ஒரு கணம். ஒருவன் கால் வழுக்கியது, நாற்காலி வெறுமைப் பக்கம் சாய்ந்தது, அவள் கை காற்றில் எதையோ பிடித்தது, நான் பின்னால் மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தேன், பின்னால், ஒன்றுக்கும் உதவாமல். வீட்டுக்கு வந்து உட்கார வைத்தபின், "இனிமே என்ன யாரும் தூக்க வேணாங்க, லிஃப்ட் வந்தா எறங்கறேன், இல்லன்னா இங்கயே இருந்துக்கறேன்" என்றாள். ஏழு மாசம். ஏழு மாசமாக அவள் மண்ணை மிதிக்கவில்லை. கோவிலுக்குப் போகவில்லை. பால்கனியில் உட்கார்ந்து பி பிளாக் கம்பிகளில் உட்காருகிற கிளிகளைப் பார்க்கிறாள். மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி போய் இரண்டு மாசமாகிறது. அடுப்படிக்கும் பால்கனிக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், கால் வீங்குகிறது, வீங்கவில்லை என்கிறாள். ராத்திரி நெஞ்சு வலித்தால் என்ன செய்வேன் என்று நினைக்கிறேன். எனக்கில்லை, அவளுக்கு. எத்தனை நிமிஷத்தில் இறக்க முடியும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். போதாது.

அப்படியென்றால் கையெழுத்துப் போட்டது தப்பில்லை. இதைத்தான் மூன்றாவது மாடியிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன், மூச்சு வாங்குவதால் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிகிறது. பதிமூன்று குடும்பத்துக்கும் கால் நன்றாக இருக்கிறது. பாய் இரண்டு இரண்டு படியாக ஏறுகிறார். லிஃப்ட் ஓடினால் அவர்களுக்கும்தானே ஓடும். ஓடும். எத்தனை நாளைக்கு என்று சுதர்சன் எழுதித் தரவில்லை. டீசல் யார் செலவு என்று நானும் கேட்கவில்லை. முதல் வீட்டுக்காரனே திருப்தி என்று எழுதிக் கொடுத்தபின் மற்றவர்கள் புகாரை யார் கேட்பார்கள், தொட்டியை யார் கட்டுவார்கள், சான்றிதழ் யார் வாங்குவார்கள், ஒரு நாள் ஜெனரேட்டர் லாரி வந்த வழியே போனால் யாரிடம் போய் நிற்பது. அதெல்லாம் அப்புறம். முதலில் அவள் இறங்கட்டும். ஒரு தடவை இறங்கட்டும், நானே டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், வரும் வழியில் கோவில், ஹோட்டலில் ஒரு காப்பி. டீச்சர் முகத்தைப் பார்க்காமல் லிஃப்டில் நாலாவது மாடியைத் தாண்டிவிடலாம், அதுதானே லிஃப்டில் வசதி, யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. சீ, என்ன நினைப்பு இது. வேதாவிடம் எதைச் சொல்வது. ஒன்றும் சொல்ல வேண்டாம். லிஃப்டுக்குக் கையெழுத்து என்றால் போதும். எங்க போடணும் என்பாள். அவளை ஏமாற்றுகிறேனா. லிஃப்டுக்குத்தானே, பொய் இல்லையே. நூற்று ஐம்பத்தெட்டு. நூற்று ஐம்பத்தொன்பது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதோடு ரொம்பக் களைப்பாகவும் இருக்கிறது, இரண்டில் எது பெரிது என்று கேட்டால் களைப்புதான்.

கதவைத் தாழ்ப்பாள் போடாமல்தான் வைத்திருந்தாள். பால்கனி ஓரத்தில் அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் சைட் ஆபீஸிலிருந்து வெளியே வந்ததை மேலிருந்து பார்த்திருக்கிறாள், டீச்சர் வீட்டுல உக்காந்துட்டு வரீங்களா என்றாள். ஆமாம் என்றேன். காகிதத்தையும் பேனாவையும் நீட்டி, லிஃப்டுக்காக, சுதர்சன் கேட்டான், அஞ்சு மணிக்குள்ள வேணுமாம் என்றேன். விரலை வைக்கத் தயாராக நின்றேன். அவள் எங்கே என்று கேட்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அந்தக் கண்ணாடிய எடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். நாலு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும், அவள் நாற்பது வரி படிப்பதுபோலப் படித்தாள், உதடு அசைய, முழுத் திருப்தியோடு என்ற இடத்தில் நின்று மறுபடி பின்னால் போய். என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இது என்ன தேதி என்றாள். கிரகப்பிரவேசத் தேதி என்றேன். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்தாள். சுவர் ஓட்டையில் புறா வராமல் இருக்க அந்த அட்டைச் சாவியைத்தான் செருகி வைத்திருக்கிறாள், தங்கக் காகிதம் மழையில் உரிந்து வெறும் பழுப்பு அட்டை தெரிகிறது.

"அன்னிக்குப் பால் பொங்கலீங்க" என்றாள். எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. "காத்து அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, சூடே ஏறல. நீங்க அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு நிக்கறீங்க. உங்களப் பின்னால கூப்பிட்டாங்க இல்ல, அப்ப நான்தான் பானைய லேசா சாச்சுட்டேன். வழிஞ்சுது. எல்லாரும் பொங்கிடுச்சுன்னு சொன்னாங்க. உங்க நேரம் தப்பிடக் கூடாதேன்னு செஞ்சேன்." ஏழு இருபத்தெட்டு. இரண்டு நிமிஷம் மீதி. தரையில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நிமிஷம் கூட்டி எழுதாதவன் வீட்டில், அவனுக்காகவே, அவன் பயத்துக்காகவே, அவள் இந்தப் பொய்யைச் செய்து ஒன்றரை வருஷம் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கோபம் வரவில்லை. அவள் தலையைத் தொட வேண்டும்போல இருந்தது, எட்டவில்லை. ஏன் சொல்லல என்று கேட்டேன். சொன்னா இன்னொரு நாள் பாப்பீங்க என்றாள். பிறகு காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள், சுதர்சன் மடித்த மடிப்பிலேயே. "பால் பொங்காத வீட்ட வாங்கிக்கிட்டோம்னு நான் எப்படிங்க எழுதிக் குடுக்கறது? நாம இன்னும் குடியே வரல." அப்போ லிஃப்ட் என்றேன். அவள் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். புதன்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டாள். படிக்கட்டில் பேசுவது கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாக எல்லாம் மேலே கேட்கிறது, நான் மூடி மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம். பதினொன்று என்றேன். "அப்ப எட்டு மணிக்கே தூக்கச் சொல்லுங்க. நானும் வந்து சொல்றேன், பானையச் சாச்சது நான்தானே." இனிமே தூக்க வேணாம்னு சொன்னியே வேதா என்றேன். "சொன்னேன். பயமாத்தான் இருக்கு" என்றாள். பூண்டுத் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்று யாரும் சொல்வதில்லை, முழங்காலுக்குத்தான் தெரியும். ஏழு. ஆறு. கைப்பிடி இல்லாத இடத்தில் நின்று பார்த்தேன். நாற்காலி எந்தப் பக்கம் சாயும், யார் எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், இந்தத் தடவை நான் பின்னால் நிற்கக் கூடாது, வெறுமைப் பக்கம் நிற்க வேண்டும், சாய்ந்தால் என் மேல் சாயட்டும். இரண்டு ஐந்தையும் தாண்டினேன். டீச்சர் இன்னும் நடையில்தான் இருந்தார், சிவப்புப் பேனாவோடு. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவரிடம் கொடுத்தேன். படித்தார். கீழே பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார். தண்ணி லாரி விஷயம் இதுதான் டீச்சர் என்றேன். "என் கையெழுத்து இருக்கு. அவ போடல. நீங்களே வெச்சுக்குங்க, வக்கீலம்மாகிட்ட குடுங்க. எங்கிட்ட எப்படிக் கேட்டு வாங்கினாங்கன்னு அதையும் நானே சொல்றேன்." திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் சரியாக இருந்திருக்கும். காகிதத்தைப் பரீட்சைத்தாள்களுக்கு அடியில் வைத்து, மேலே கையை ஊன்றிக்கொண்டார். புதன்கிழமை காலைல எட்டு மணிக்கு நாற்காலி தூக்க நாலு பேர் வேணும் டீச்சர் என்றேன். அக்காவா வராங்க என்றார். ஆமாம் என்றேன். "மூணு பேரப் பாருங்க சார். ஒரு பக்கம் நான் பிடிக்கறேன்" என்றார். மூணாவது மாடி பாயிடம் சொல்லலாம் என்று இறங்கத் திரும்பியபோது கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. வாட்சைப் பார்க்காமலே தெரிந்தது, ஐந்து மணி. சரியான நேரத்துக்குத்தான் போகிறான்.